பாத்ஃபைண்டர் இரண்டாம் பதிப்பின் விலங்குத் துணை விதிகள்: ஒரு மதிப்புரை

மேசையைச் சுற்றி அமர்ந்து ஆடும் கற்பனை உலகப் பாத்திர விளையாட்டுகளில் ஓர் ஓநாயையோ கரடியையோ உடன் அழைத்துச் செல்லும் ஆசை பலருக்கும் உண்டு. அந்த ஆசைக்கு ஒழுங்காக இடம் கொடுக்கும் விதிப்புத்தகங்கள்தாம் குறைவு. நான்கு பேர் ஆடும் மேசையில் ஒருவர் மட்டும் இரண்டு உடல்களை இயக்குகிறார் என்றால், அவருடைய முறை மற்றவர்களுடையதைவிட நீளும், அவர் உருட்டும் பகடைகளும் கூடும். விலங்கு வலுவாக அமைந்துவிட்டால் பக்கத்தில் இருக்கும் வாள்வீரர் எதற்கு என்ற கேள்வி எழும். வலுவற்றதாக அமைந்தாலோ, ஒவ்வொரு சண்டையிலும் அதைக் காப்பாற்றுவதே குழுவின் வேலையாகிவிடும். இந்த இரண்டு பள்ளங்களுக்கும் நடுவே பாதை போட்ட விதிகளில் நான் முதலிடம் கொடுப்பது பைசோ நிறுவனத்தின் பாத்ஃபைண்டர் இரண்டாம் பதிப்புக்கு. 2019 ஆகஸ்டில் வெளிவந்து, 2023 நவம்பரில் 'பிளேயர் கோர்' என்ற நூலில் திருத்தி அமைக்கப்பட்ட அதன் விலங்குத் துணைப் பகுதியைப் பற்றியது இம்மதிப்புரை. காட்டு வேட்டைவீரரான ரேஞ்சராகவும் இயற்கை மந்திரவாதியான ட்ரூயிடாகவும் ஆடியும், ஆட்டத்தை நடத்தும் கேம் மாஸ்டர் இருக்கையிலிருந்து பிறருடைய விலங்குகளைக் கவனித்தும் பழகிய பிறகு இதை எழுதுகிறேன்.

முதலில் அதன் அடிப்படைக் கணக்கு. இந்த விளையாட்டில் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் அதன் முறை வரும்போது மூன்று ஆக்‌ஷன்கள் கிடைக்கும். நகர்வது ஒன்று, வாளை வீசுவது ஒன்று, பையிலிருந்து மருந்தை எடுப்பது ஒன்று என்று அனைத்தும் அந்த மூன்றுக்குள் அடங்க வேண்டும். விலங்குத் துணைக்கென்று தனி முறை கிடையாது. அதை வைத்திருப்பவர் தம்முடைய மூன்றில் ஒன்றைக் கட்டளையிடுவதற்காகச் செலவழித்தால், விலங்கு அந்த முறையிலேயே இரண்டு ஆக்‌ஷன்களைச் செய்யும். கட்டளை பலிக்கிறதா என்று பகடை உருட்டிப் பார்க்க வேண்டியதில்லை. பழக்கமில்லாத விலங்கை ஏவுவதற்குத்தான் அந்தச் சோதனை, துணை விலங்கு சொன்னதைச் செய்துவிடும். எதிரியின் அசைவுக்குப் பதிலடியாகச் செய்யும் ரியாக்‌ஷன் விலங்குக்கு இல்லை. கட்டளை கொடுக்காமல் விட்டால், இளம் விலங்கு தன்னைக் காத்துக்கொள்வதையும் ஆபத்திலிருந்து தப்புவதையும் தவிர வேறெதையும் செய்யாது.

ஒன்றைக் கொடுத்து இரண்டைப் பெறுவதால் மொத்தம் நான்கு ஆக்‌ஷன்கள் வருகின்றன, மற்றவர்களுக்கு மூன்று. இது அநியாயமாகத் தெரியலாம். ஆனால் அந்த நான்கில் இரண்டு, மனிதப் பாத்திரத்தின் கைத்திறனோடு ஒப்பிடத் தகாத ஒரு விலங்கின் கையில் இருக்கின்றன என்பதால் தராசு ஓரளவு நேராகிறது. ஆட்டக்காரர் ஒவ்வொரு முறையும் ஒன்றை விட்டுக்கொடுத்தே விலங்கை அசைக்க வேண்டியிருப்பது இந்த ஏற்பாட்டின் இன்னொரு நன்மை. ஓடவும் வேண்டும், மறையவும் வேண்டும், அம்பும் விட வேண்டும் என்ற நெருக்கடியில் விலங்கை அப்படியே நிறுத்தி வைப்பதா, தன் அம்பை விட்டுக்கொடுப்பதா என்று யோசிக்கும்போதுதான், விலங்கோடு போர்க்களத்தில் நிற்பது எப்படிப்பட்டது என்பது விளங்குகிறது.

இந்த விதிகளின் உயிர்நாடி 'சப்போர்ட்' என்ற ஒற்றை ஆக்‌ஷனில் இருக்கிறது. விலங்கு தானாகக் கடிப்பதை விடுத்து, தன்னை வளர்ப்பவர் தாக்குவதற்கு வழி செய்து கொடுப்பது அது. ஒரு சுற்றை நெருங்கிப் பார்த்தால் இதன் நேர்த்தி புரியும். முதல் லெவலில், அதாவது வளர்ச்சியின் முதல் படியில், இருக்கும் ஒரு ரேஞ்சரிடம் இளம் சிறுத்தை ஒன்று இருக்கிறது என்று கொள்வோம். விதிப்புத்தகம் பூனையினம் முழுவதையும் ஒரே வகையில் அடக்குகிறது. ரேஞ்சர் முதல் ஆக்‌ஷனில் எதிரியைத் தம் இரையாகக் குறித்துக்கொள்கிறார். இரண்டாவதைக் கட்டளைக்குச் செலவிடுகிறார். சிறுத்தை ஓடி எதிரியின் அருகே போகிறது. மீதமுள்ள ஆக்‌ஷனில் சப்போர்ட் செய்கிறது. மூன்றாவது ஆக்‌ஷனில் ரேஞ்சர் அம்பு விடுகிறார். அம்பு பட்டுச் சேதம் விளைந்தால், சிறுத்தையின் எட்டுக்குள் (அது எட்டித் தாக்கக்கூடிய தூரத்துக்குள்) நிற்கும் அந்த எதிரி தற்காப்புக் குலைந்த நிலைக்குத் தள்ளப்பட்டு, ரேஞ்சருடைய அடுத்த முறை முடியும்வரை அப்படியே இருக்கிறான். அவனுடைய கவச எண்ணில், அதாவது அவனைத் தாக்குபவர் பகடையில் எட்ட வேண்டிய எண்ணில், 2 குறைகிறது. அடுத்து முறை வரும் ரோக் (பதுங்கித் தாக்கும் பாத்திரம்), சுற்றி வளைக்கும் சிரமம் இல்லாமலே தம் மறைதாக்குதல் பகடைகளைச் சேர்த்து உருட்டுகிறார். மறுசுற்றில் ரேஞ்சர் சிறுத்தையை நேரடியாகத் தாக்கச் சொன்னால், குலைந்து நிற்கும் எதிரியின்மீது அதன் ஒவ்வொரு அடிக்கும் ஒரு நான்முகப் பகடை கூடுதலாக விழுகிறது.

இதில் வரிசை முக்கியம். அம்பை முதலில் விட்டுவிட்டுப் பிறகு கட்டளையிட்டால் சப்போர்ட்டின் பயன் அந்த அம்புக்குக் கிடைக்காது. சப்போர்ட் செய்யும் முறையில் விலங்கு இடம்பிடிப்பதற்காக நகரலாமே தவிர வேறெதுவும் செய்யக்கூடாது. கடித்துவிட்டுப் பிறகு துணைநிற்பது என்பதற்கு அனுமதியே இல்லை. புதிதாக ஆடுபவர்கள் இந்த இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். ஆனால் இந்தக் கட்டுப்பாடே விலங்கின் ஒவ்வொரு முறையையும் ஒரு தெளிவான தேர்வாக ஆக்குகிறது: இந்தச் சுற்றில் அது கடிக்கிறதா, எனக்காக நிற்கிறதா?

ஒவ்வொரு விலங்கின் சப்போர்ட்டும் அதன் இயல்பை ஒட்டியே அமைந்திருக்கிறது. கரடியின் எட்டுக்குள் நிற்கும் எதிரியை அதன் தோழர் (அதை வைத்திருப்பவர்) வெட்டும் ஒவ்வொரு முறையும் கரடியும் நகத்தால் கீறுகிறது. ஓர் எட்டுமுகப் பகடைச் சேதம் கூடுகிறது. பறவை கண்ணைக் கொத்துகிறது: தோழரின் அடி பட்ட எதிரிக்கு ஒரு நான்முகப் பகடை அளவு இரத்தப்போக்கு தொடர்கிறது, அது நிற்கும்வரை அவனுடைய பார்வையும் கூசிப்போகிறது. ஓநாய் பின்னங்கால் நரம்பைக் குறிவைப்பதால் எதிரியின் வேகம் ஒரு நிமிடத்துக்கு 5 அடி குறைகிறது. அடி மிகச் சிறப்பாக விழுந்திருந்தால் 10 அடி. பாம்பு சுற்றி வளைத்து, தன் எட்டுக்குள் இருப்பவன் தோழரின் செயல்களுக்குப் பதிலடி கொடுக்க முடியாதபடி பிடித்துக்கொள்கிறது; தோழரைவிட லெவல் கூடிய எதிரியிடம் மட்டும் அது செல்லாது. இவற்றில் பாம்பைப் பலர் கவனிக்காமல் கடந்துபோகிறார்கள். எதிரியின் அருகிலேயே நின்று மந்திரம் சொல்ல வேண்டிய ட்ரூயிடுக்கு, பதிலடி வாள் தன்மேல் விழாது என்ற உறுதியைவிட மேலான உதவி அதிகம் இல்லை.

தாக்குதல் கணக்கிலும் ஒரு நல்ல முடிவு எடுக்கப்பட்டிருக்கிறது. இந்த விளையாட்டில் ஒரே முறையில் திரும்பத் திரும்பத் தாக்கினால் இரண்டாவது தாக்குதலுக்கு 5, மூன்றாவதற்கு 10 என்று பகடையிலிருந்து கழியும். விலங்கின் தாக்குதல்களும் தோழரின் தாக்குதல்களும் தனித்தனியாகவே எண்ணப்படுகின்றன. ஆகவே 10 கழித்து உருட்ட வேண்டிய தம் மூன்றாவது அம்பை விட்டுவிட்டு, கழிவே இல்லாத விலங்கின் முதல் கடியைப் பெறுவது பெரும்பாலும் இலாபம்.

அடுத்து உயிர். விலங்கின் ஹிட் பாயின்ட், அதன் இனத்துக்குரிய அடிப்படை எண்ணோடு, ஒவ்வொரு லெவலுக்கும் 6-உம் அதன் உடல் உறுதியும் சேர்ந்து வருவது. முதல் லெவலில் இளம் கரடிக்கு 16, சிறுத்தைக்கு 11. அந்த லெவல் குழுவை ஓரளவு சோதிக்கக்கூடிய ஓகர் வீரன் ஒருவன் தன் கொக்கிக் கோலால் ஒருமுறை அடித்தால் ஒரு பத்துமுகப் பகடையுடன் 7 சேர்ந்து சேதம் விழும். சராசரியாகவே அது சிறுத்தையின் மொத்த உயிரைத் தாண்டுகிறது. தொடக்க லெவல்களில் சிறுத்தையை முன்னணியில் விட்டுவைப்பது ஆபத்து என்பதை ஆட்டக்காரர் முதல் சண்டையிலேயே தெரிந்துகொள்வார். கரடி ஓரளவு தாங்கும். இளம் கரடி சிறிய அளவு கொண்டதுதான் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். முதல் நாளே அதன் முதுகில் ஏறிச் செல்லலாம் என்று எண்ணுபவர்களுக்கு ஏமாற்றம் உண்டு. ஏறிச் செல்ல வேண்டும் என்றால் குதிரைதான்: அதைத் தொடக்கத்திலேயே பெரிய அளவில் தேர்ந்துகொள்ளலாம் என்பதோடு, ஆளைச் சுமந்துகொண்டு ஓடிய முறையிலேயே சப்போர்ட்டும் செய்யக்கூடியது.

உயிர் சுழியத்துக்கு இறங்கினாலும் விலங்கு உடனே இறந்துவிடுவதில்லை. சாதாரண எதிரிகள் அந்தக் கணமே சாகிறார்கள். துணை விலங்கோ, ஆட்டக்காரர்களின் பாத்திரங்களைப் போலவே மயங்கி விழுந்து மரணத்தோடு போராடுகிறது, அதற்குள் யாராவது போய்க் கைகொடுக்க அவகாசம் இருக்கிறது. மாந்தர்களைக் குணப்படுத்தும் மந்திரங்கள் அதற்கும் பலிக்கும். விலங்குநெறியைத் தேர்ந்த ட்ரூயிடுக்கு விலங்குகளையே குணப்படுத்துவதற்கான தனி மந்திரமும் உண்டு. விலங்கைக் காப்பாற்ற ஓடும் அந்தச் சுற்றுகள் எங்கள் மேசையில் பரபரப்பான சுற்றுகளாக இருந்திருக்கின்றன; விதி அதற்கு இடம் வைத்திருப்பதை மனமாரப் பாராட்டுகிறேன்.

இந்த ஏற்பாட்டின் மதிப்பை உணர, இதே ஆசையை டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற இன்னொரு பாத்திர விளையாட்டு எப்படிக் கையாண்டது என்று பார்க்க வேண்டும். அதன் ஐந்தாம் பதிப்பின் 2014 பிளேயர்ஸ் ஹேண்ட்புக்கில் வந்த பீஸ்ட் மாஸ்டர் என்ற பிரிவைச் சேர்ந்த ரேஞ்சர் மூன்றாம் லெவலில் ஒரு விலங்கைப் பெறுவார். அது நடுத்தர அளவைத் தாண்டக்கூடாது. அதன் வலிமையைக் காட்டும் சவால் எண் கால் அளவை மீறக்கூடாது. கருங்கரடியின் சவால் எண் அரை என்பதால் கரடிக்கு அங்கே இடமே இல்லை; ஓநாய், சிறுத்தை, காட்டுப்பன்றி போன்றவை கிடைக்கும். அதன் ஹிட் பாயின்ட் அந்த விலங்குக்கு உரியது அல்லது ரேஞ்சரின் லெவலுக்கு நான்கு மடங்கு, இவற்றில் எது அதிகமோ அது. மூன்றாம் லெவலில் ஓநாய்க்கு வெறும் 12. இதையாவது பொறுத்துக்கொள்ளலாம். விலங்கைத் தாக்கச் சொல்வதற்கு ரேஞ்சர் தம் முழு ஆக்‌ஷனையும் கொடுக்க வேண்டும் என்பதுதான் பொறுக்க முடியாதது; ஓநாய் கடித்தால் ரேஞ்சர் வில்லைக் கீழே வைத்துக்கொண்டு நிற்பார். ஐந்தாம் லெவல் வந்தபின்பே விலங்கைத் தாக்கச் சொல்லும்போது தாமும் ஒருமுறை தாக்கலாம். ஒன்றைக் கொடுத்து ஒன்றைப் பெறும் இந்த வியாபாரத்தில், பெறுவது பெரும்பாலும் கொடுத்ததைவிடக் குறைவாகவே இருந்தது. விலங்கு செத்தால் வேறொன்றோடு எட்டு மணி நேரம் பிணைப்பை உண்டாக்கிக்கொள்ள வேண்டும்.

குறையை உணர்ந்து 2016-இல் சோதனை வரைவு ஒன்று வந்தது, அது நூலாகவில்லை. 2020 நவம்பரில் வெளிவந்த 'தாஷாஸ் கால்ட்ரன் ஆஃப் எவ்ரிதிங்' நூல்தான் உண்மையான மாற்றத்தைத் தந்தது. நிலம், கடல், வானம் என்று மூன்று வடிவங்கள். முதன்மைச் செயலுக்கு மேல் கிடைக்கும் போனஸ் ஆக்‌ஷனில் கட்டளை. நிலவிலங்குக்கு ரேஞ்சரின் லெவலுக்கு ஐந்து மடங்கோடு 5 ஹிட் பாயின்ட். இறந்து ஒரு மணி நேரத்துக்குள் தொட்டு, ஒரு மந்திர வாய்ப்பைச் செலவழித்தால், ஒரு நிமிடத்தில் முழு உயிரோடு எழுந்துவிடும். பழைய பீஸ்ட் மாஸ்டரோடு ஒப்பிட்டால் இது பெரும் முன்னேற்றம். இன்றைக்கும் ஐந்தாம் பதிப்பில் விலங்கு வேண்டும் என்பவருக்கு இதையே சொல்வேன். ஆனால் இதில் விலங்கின் முகம் மறைந்துவிட்டது. நிலவிலங்கு ஓநாயா, கரடியா, மானா என்பது ஆட்டக்காரரின் விவரிப்பில் மட்டுமே இருக்கிறது; எண்களில் எல்லாமே ஒன்று. 20 அடி நேராக ஓடிவந்து மோதி எதிரியை வீழ்த்தும் அந்த ஒரே திறமைதான் எல்லா நிலவிலங்குக்கும். பாத்ஃபைண்டரின் ஓநாயும் கரடியும் களத்தில் வெவ்வேறு வேலை செய்கின்றன. இங்கே பெயர்தான் வேறு.

2024 செப்டம்பரில் வந்த புதிய பிளேயர்ஸ் ஹேண்ட்புக் இதே மூன்று வடிவங்களை வைத்துக்கொண்டது. அங்கே வேறொரு நெருடல் முளைத்தது. ரேஞ்சருக்கு முதல் லெவலிலேயே, குறித்த எதிரிக்குக் கூடுதல் சேதம் தரும் ஹன்டர்ஸ் மார்க் மந்திரம் இலவசமாகக் கிடைக்கிறது. அதைப் போடுவதும், ஓர் எதிரி விழுந்தபின் அடுத்தவனுக்கு மாற்றுவதும் போனஸ் ஆக்‌ஷன். விலங்குக்குக் கட்டளையிடுவதும் போனஸ் ஆக்‌ஷன். ஒரு முறைக்கு ஒரு போனஸ் ஆக்‌ஷன்தான் என்பதால் இரண்டும் ஒன்றையொன்று இடிக்கின்றன. தம் தாக்குதல்களில் ஒன்றை விட்டுக்கொடுத்து அதற்குப் பதிலாக விலங்கைத் தாக்கச் சொல்லும் மாற்றுவழி இருப்பது உண்மையே. ஐந்தாம் லெவலுக்கு முன் ஒரு தாக்குதல்தான் இருக்கும் என்பதால் அந்த வழி ரேஞ்சரை மீண்டும் வில்லைக் கீழே வைக்கச் சொல்கிறது.

பாத்ஃபைண்டர் விதிகளில் எனக்கு மனக்குறை இல்லாமல் இல்லை. முதலாவது, வளர்ச்சிக்கு அவை கேட்கும் விலை. இளம் விலங்கு முதிர்ந்த விலங்காக வேண்டும், பிறகு விரைவு அல்லது மூர்க்கம் என்ற ஏதேனும் ஒரு வழியில் போக வேண்டும், இறுதியில் ஒரு தனித்துறையில் தேற வேண்டும். ஒவ்வொரு படிக்கும் ஆட்டக்காரர் ஒரு ஃபீட்டை, அதாவது லெவல் உயரும்போது தேர்ந்தெடுக்கும் திறமைகளில் ஒன்றை, கொடுக்க வேண்டும். ட்ரூயிடுக்கு இது 1, 4, 8, 14 ஆகிய லெவல்களில் வருகிறது. ரேஞ்சருக்கு 1, 6, 10, 16. நடுவில் ஒன்றை விட்டுவிட்டால், லெவலுக்கேற்ப எண்கள் சற்றுக் கூடினாலும் விலங்கு வளராமல் நின்றுவிடும்; பத்தாம் லெவலில் இளம் விலங்கை வைத்திருப்பது அதைச் சாவுக்கு அனுப்புவதற்குச் சமம். ஆகவே விலங்கு வேண்டும் என்று முதல் லெவலில் முடிவு செய்பவர், பாத்திரத்தின் வாழ்க்கை முழுவதற்குமான நான்கு ஃபீட்களை அன்றே எழுதிக்கொடுத்துவிடுகிறார். இரண்டாம் லெவலிலிருந்து எந்த வகைப் பாத்திரமும் பீஸ்ட்மாஸ்டர் என்ற துணைப்பாதை வழியாக விலங்கை அடையலாம் என்பது நல்ல ஏற்பாடு. ஆனால் அங்கும் ஃபீட் கணக்கு விடாது.

முதிர்ந்தபின் கிடைக்கும் ஒரு சலுகை அந்த விலையை ஓரளவு ஈடுசெய்கிறது. ட்ரூயிடும் ரேஞ்சரும் வளர்த்த முதிர்ந்த விலங்கு, கட்டளை இல்லாத சுற்றிலும் ஒரே ஒரு ஆக்‌ஷனைத் தானாகச் செய்யும்: நகரும், அல்லது ஒருமுறை தாக்கும்; ரேஞ்சரின் விலங்கு அவர் இரையாகக் குறித்தவனை நோக்கி மட்டுமே அப்படிச் செய்யும். தோழர் மூன்று ஆக்‌ஷனையும் ஒரு பெரிய மந்திரத்துக்கும் தற்காப்புக்கும் கொடுத்துவிட்ட சுற்றில் ஓநாய் பக்கத்தில் நிற்பவனைத் தானே கடிப்பது, அதன் முதிர்ச்சியை எண்ணால் காட்டாமல் நடத்தையால் காட்டுகிறது. அந்தத் தனி ஆக்‌ஷனில் சப்போர்ட் செய்ய முடியாது என்ற கட்டுப்பாடும் எனக்குச் சரியாகவே படுகிறது. துணைநிற்பதற்குச் சொல் வேண்டும்.

இரண்டாவது குறை, உயர் லெவல்களில் விலங்கின் பல் மழுங்குவது. வீரர்கள் தம் ஆயுதங்களில் மந்திர எழுத்துகளைப் பொறித்துத் தாக்குதல் எண்ணை ஏற்றிக்கொண்டே போகிறார்கள். விலங்குக்கு அத்தகைய பொருட்களின் கூடுதல் எண்கள் சேராது. வேகத்துக்கும் கவச எண்ணுக்கும் மட்டுமே விலக்கு. அதன் தாக்குதல் தேர்ச்சியும் கடைசிப் படியில்தான் ஒரு நிலை உயர்கிறது. வலிய எதிரிமேல் அதன் கடி படுவது அரிதாகிக்கொண்டே வரும். அந்தக் கட்டத்தில் நேரடித் தாக்குதலை மறந்துவிட்டு சப்போர்ட்டையே நம்புவது நல்லது. ஏனென்றால் அதற்கு விலங்கு பகடை உருட்ட வேண்டியதில்லை, தோழரின் அடி பட்டாலே போதும். விதியை எழுதியவர்கள் விலங்கு வீரருக்கு மாற்றாகிவிடக் கூடாது என்ற கவலையில் சற்று அதிகமாகவே கயிற்றை இழுத்துவிட்டார்கள் என்பது என் கணிப்பு.

அந்தக் கவலை எங்கிருந்து வந்தது என்பதும் தெரிந்ததே. 2003-இல் வந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 3.5 பதிப்பில் ட்ரூயிடின் விலங்கு முதல் லெவலிலிருந்தே தோழரோடு சேர்ந்து இடைவிடாது வளர்ந்தது; தனக்கென்று முழு முறையும் வைத்திருந்தது. பல மேசைகளில் சண்டைவீரர் அந்த ஓநாய்க்குப் பின்னால் நிற்க நேர்ந்தது. ஆனால் அந்தப் பதிப்பில் ஒன்று இருந்தது, அதை நான் இன்றும் விரும்புகிறேன்: விலங்குக்கு வித்தைகளைப் பழக்கும் விதி. 'தாக்கு', 'காவல் இரு', 'கொண்டு வா', 'தேடு' என்று ஒவ்வொன்றையும் ஒரு வாரம் செலவிட்டுக் கற்றுத்தர வேண்டும். அறிவு எண் 2 உள்ள விலங்கு ஆறு வித்தைகள் வரை கற்கும். எண் 1 என்றால் மூன்று. 'தாக்கு' என்று ஒருமுறை பழக்கினால் மனிதரையும் பிற விலங்குகளையும் தாக்கும்; நடமாடும் பிணங்கள்மேலும் பாயச் சொல்ல வேண்டும் என்றால் அது இரண்டு வித்தைகளாகக் கணக்காகும். கற்றதைச் செய்யச் சொல்ல பகடையில் 10 என்ற இலக்கு, கல்லாததைச் செய்ய உந்தினால் 25. கல்லறைக்குள் நுழைந்ததும் ஓநாய் தயங்கி நிற்பதற்கு விதியிலேயே இடம் இருந்தது.

பாத்ஃபைண்டர் இரண்டாம் பதிப்பில் அந்தத் தயக்கம் இல்லை. கட்டளை கொடுத்தால் சிறுத்தை பேய்மீதும் பாயும், பூதத்தின்மீதும் பாயும். மேசையில் நேரம் மிச்சமாகிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சண்டைக்கு வெளியே விலங்கு என்ன செய்யும், எதற்கு அஞ்சும், யாரை நம்பாது என்பதைப் பற்றி இந்தப் பகுதி பெரும்பாலும் மௌனமாக இருக்கிறது. விலங்குநெறி ட்ரூயிட் விலங்குகளை வீணாகக் கொடுமைப்படுத்தக் கூடாது என்ற நோன்பு இருக்கிறது. அது தோழரின் குணத்தைச் சொல்கிறதே அன்றி விலங்கின் குணத்தைச் சொல்லவில்லை.

இந்த இடத்தில் 2012-இல் வந்த டன்ஜன் வேர்ல்டு விளையாட்டிடமிருந்து கடன் வாங்கலாம். அதில் ரேஞ்சரின் விலங்குக்கு ஹிட் பாயின்ட்டே கிடையாது. மூர்க்கம், தந்திரம், கவசம், இயல்பூக்கம் என்று நான்கு எண்கள் மட்டும். மூர்க்கத்தின் எண் எவ்வளவோ அத்தனை பலங்கள், தந்திரத்தின் எண் எவ்வளவோ அத்தனை பயிற்சிகள், இயல்பூக்கத்தின் எண் எவ்வளவோ அத்தனை பலவீனங்கள். மருளும் தன்மை, பிடிவாதம், மறதி, நொண்டல், பிறரை அச்சுறுத்தும் தோற்றம் என்று பலவீனங்களுக்குப் பட்டியல் இருக்கிறது. மூர்க்கம் 3 கொண்ட விலங்கை எடுப்பவர் இயல்பூக்கம் 2-ஐயும் சேர்த்து எடுத்தாக வேண்டும். அதாவது இரண்டு குறைகள். தோழரும் விலங்கும் பழகிய ஒன்றைச் சேர்ந்து செய்யும்போது அந்தச் செயலுக்குரிய எண் தோழரின் பகடையில் கூடும். போர்த்தந்திரத்தை விரும்புபவருக்கு இந்த விளையாட்டு போதாது. என்றாலும் பாத்ஃபைண்டர் விலங்கை எழுதி முடித்தபின், அதன் தாளின் ஓரத்தில் இந்தப் பட்டியலிலிருந்து ஒரு பலவீனத்தை எழுதிவைக்கும்படி என் மேசையில் எல்லாரிடமும் கேட்கிறேன். மருளும் குதிரை பாலத்தின் நடுவே நின்றுவிடும் காட்சியை எந்த ஃபீட்டும் தராது.

நடைமுறையில் விலங்கைக் கையாள்வதற்கு இந்த விதிகள் நல்ல ஒழுங்கு வேண்டுகின்றன. விலங்கின் எண்களைப் பாத்திரத்தின் தாளிலேயே ஒரு மூலையில் திணிக்காமல், தனிச் சீட்டில் பெரிய எழுத்தில் எழுதிக்கொள்ளுங்கள். கவச எண், ஹிட் பாயின்ட், இரண்டு தாக்குதல்கள், சப்போர்ட்டின் வாசகம் முழுவதும் அதில் இருக்க வேண்டும். சப்போர்ட்டின் வாசகத்தைச் சுருக்கி எழுதாதீர்கள். 'எட்டுக்குள்', 'சேதம் விளைந்தால்', 'அடுத்த முறை முடியும்வரை' ஆகிய சொற்களில்தான் எல்லாத் தகராறும் பிறக்கிறது. விலங்கின் இரண்டு தாக்குதல்களுக்குமான பகடைகளை வேறு நிறத்தில் வைத்துக்கொண்டு சேர்த்தே உருட்டினால், மற்றவர்கள் காத்திருக்கும் நேரம் பாதியாகும். உங்கள் முறை வருவதற்கு முன்பே விலங்கு எந்தக் கட்டத்துக்குப் போகும் என்று முடிவு செய்திருக்க வேண்டும். இரண்டு உடல்களை இயக்குபவர் மேசைக்குச் செலுத்த வேண்டிய மரியாதை அது.

இறப்பைப் பற்றிய விதி ஒரே வாக்கியம். விலங்கு இறந்துவிட்டால், சாகசத்துக்கு இடைப்பட்ட ஓய்வுக் காலத்தில் ஒரு வாரம் செலவிட்டு வேறொன்றைச் செலவின்றிப் பெற்றுக்கொள்ளலாம். ஆட்டச் சமநிலைக்கு இது நியாயமானது. விலங்கை இழந்தவர் முன்பு கொடுத்த நான்கு ஃபீட்டும் வீணாகாமல், புதிய விலங்கு அதே வளர்ச்சி நிலையில் வந்து நிற்கும். ஆனால் நீண்ட காலம் உடன் நடந்த ஓநாயின் இடத்தில் மறுவாரமே இன்னொரு ஓநாய் அதே எண்களோடு வந்து நிற்பதைப் பல ஆட்டக்காரர்களின் மனம் ஏற்பதில்லை. இதை விதிப்புத்தகம் தீர்க்காது. விலங்கு சாகக்கூடிய மேசையா இல்லையா என்பதைக் கதை தொடங்கும் முன்பே கேம் மாஸ்டரும் ஆட்டக்காரரும் வெளிப்படையாகப் பேசிக்கொள்வது அவசியம். குழந்தைகளோ, அண்மையில் வீட்டு விலங்கை இழந்தவரோ மேசையில் இருந்தால் இன்னும் அவசியம். இத்தகைய பேச்சு இல்லாமல் முதல் சண்டையில் எதிரிகள் எல்லாரும் நாயையே குறிவைக்கும்படி நடத்தும் கேம் மாஸ்டரை என்னால் ஆதரிக்க முடியாது.

வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. பாத்ஃபைண்டர் இரண்டாம் பதிப்பின் விதிகள், விலங்குத் துணைப் பகுதி உட்பட, 'ஆர்க்கைவ்ஸ் ஆஃப் நெதிஸ்' என்ற தளத்தில் பைசோவின் அனுமதியோடு இலவசமாகவே படிக்கக் கிடைக்கின்றன. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் இலவச விதிகளில் ரேஞ்சருக்கு ஹன்டர் என்ற பிரிவு மட்டும்தான் உண்டு. பீஸ்ட் மாஸ்டரைப் படிக்கப் புத்தகத்தை வாங்கியே ஆக வேண்டும். ஆகவே இலவசப் பக்கத்தில் கரடி, பூனை, ஓநாய் மூன்றின் குறிப்புகளையும் கட்டளை விதியையும் படித்து, முதல் லெவல் ரேஞ்சர் ஒருவரை உருவாக்கி ஒரு சண்டையை ஆடிப் பாருங்கள். கட்டளைக்காக ஓர் ஆக்‌ஷனை விட்டுக்கொடுப்பது உங்களுக்கு உறுத்தினால் இந்தப் புத்தகத்தை விலங்குக்காக வாங்க வேண்டாம். உறுத்தவில்லை என்றால் பிளேயர் கோர் உங்களுக்கு நெடுங்காலம் பயன்படும்.